அம்மாவின் பெயர் மூன்று அட்டையில் மூன்று மாதிரி: ஆன்லைன் கேஒய்சி ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி இதுதான். ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமத்தில் அம்மா பீடி சுற்றுகிறார். அடுத்த வருஷம் 58 முடிகிறது, பி.எஃப். பணம் வரும். வங்கிக்கு ஒரு தடவை போய் வந்தாலே அன்றைய கூலி போய்விடுகிறது. அதனால் ஓசூரில் வேலை பார்க்கும் மகன் லீவுக்கு வந்த இடத்தில், ஒரு வங்கியின் செயலியில் அம்மா பேரில் சேமிப்புக் கணக்கு தொடங்கப் பார்த்திருக்கிறார். இரண்டு தடவை ‘விவரங்கள் பொருந்தவில்லை’ என்று திரும்பி வந்துவிட்டது. மூன்றாவது தடவை வீடியோ அழைப்பு வரைக்கும் போய், அதிகாரி பாதியிலேயே நிறுத்திவிட்டார். ஊரில் ஒரு பையன் 300 ரூபாய் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறான். ஆதாரை இப்படி ஆன்லைனில் கொடுக்கலாமா, அந்தப் பையனிடம் கொடுக்கலாமா, என்னதான் தவறு நடந்தது?

தம்பி, முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், பாவூர்சத்திரம் பக்கத்துக் கிளைகள்தான். உங்கள் அம்மா மாதிரி நூற்றுக்கணக்கான பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், உங்கள் அம்மாவிடம் ஒரு குறையும் இல்லை. அவருடைய காகிதங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

கேஒய்சி என்றால், வாடிக்கையாளர் இன்னார்தான் என்று வங்கி சரிபார்ப்பது. ஆனால் செயலி உங்கள் அம்மா யார் என்று பார்ப்பதில்லை. அதற்கு அது தெரியாது. ஆதார் என்ன சொல்கிறது, பான் என்ன சொல்கிறது, நீங்கள் தட்டச்சு செய்தது என்ன, இந்த மூன்றும் ஒன்றா என்று மட்டும்தான் பார்க்கிறது. கிளையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்த ஊர் தெரியும், தெரு தெரியும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதிக்கொள்வேன். கணினிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அதனால் செயலியில் நான்காவது தடவை முயற்சி செய்யாதீர்கள். முதலில் ஆதார், பான், ரேஷன் கார்டு என்ற மூன்று அட்டைகளையும் பாயில் விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பெயரில்தான் நம் பக்கத்துக்காரர்களுக்கு முக்கால்வாசிச் சிக்கலும். அம்மா பெயர் இசக்கியம்மாள் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரில் சாமி பெயர் இல்லாத வீடு உண்டா? இசக்கி, பேச்சி, சுடலை, மாடன் என்று எல்லாமே குலசாமி பெயர்கள். தமிழில் எழுதினால் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆங்கிலத்துக்குப் போகும்போது ஆளுக்கொரு மாதிரி ஆகிவிடுகிறது. இசக்கியை ஒருவர் ‘ஐ’ போட்டுத் தொடங்குவார், இன்னொருவர் ‘ஈ’ போட்டுத் தொடங்குவார். பேச்சிக்கு நடுவில் ஒரு ‘டி’ சேர்ப்பவர்கள் உண்டு, சேர்க்காதவர்கள் உண்டு. சுடலைக்கு ‘எஸ்’ஸா, ‘சி, ஹெச்’சா? அம்மாளுக்குக் கடைசியில் ‘எல்’ உண்டா? இசக்கி என்று எழுதி இடம்விட்டு அம்மாள் என்று தனியாக எழுதினால், அதைக் கணினி இரண்டு பெயராக எடுத்துக்கொள்ளும். ஆதார் எடுத்த அன்று கணினி முன்னால் உட்கார்ந்திருந்தவர் எந்த எழுத்தைத் தட்டினாரோ, அதுதான் இன்றுவரை அம்மாவின் பெயர்.

அப்புறம் இனிஷியல். அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்வது நம் வழக்கம். பான் விண்ணப்பமோ கடைசிப் பெயர் என்று ஒன்றைக் கேட்கும். அங்கே இனிஷியலை ஏற்றுக்கொள்ளாது, விரித்துத்தான் எழுத வேண்டும். விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர் அந்த இடத்தில் அப்பா பெயரை முழுதாக எழுதிவிடுவார். விளைவு, ஆதாரில் எம். இசக்கியம்மாள், பானில் இசக்கியம்மாள் மாடசாமி. மனிதர் பார்த்தால் இருவரும் ஒருவர்தான் என்று தெரியும். பொருத்திப் பார்க்கும் மென்பொருளுக்கு அது சந்தேகம்.

ஒரு சின்ன விஷயம் கவனித்துப் பாருங்கள். பான் எண்ணில் 10 எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கும். முதல் ஐந்தும் எழுத்து. தனிநபர் என்றால் நான்காவது எழுத்து ‘பி’. ஐந்தாவது எழுத்து, விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் என்று எதை எழுதினார்களோ அதன் முதல் எழுத்து. அம்மா அட்டையில் அந்த ஐந்தாவது எழுத்து ‘எம்’ என்று இருந்தால், மாடசாமி கடைசிப் பெயராகப் பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். அட்டையைத் திருப்பிப் பார்த்த அந்த நிமிஷமே நோய் எங்கே என்று தெரிந்துவிடும்.

பெண்களுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் அப்பா இனிஷியல், பின்னால் வீட்டுக்காரர் இனிஷியல். ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பி.எஃப். பதிவில் ஒன்று. என் மனைவிக்கே இது நடந்தது. ஒரு நிதி நிறுவனத்தின் செயலியில் நான்கு தடவை விண்ணப்பித்தாள். நான்கு தடவையும் காரணம் சொல்லாமலே திருப்பிவிட்டார்கள். வங்கிக்காரன் வீட்டிலேயே இப்படி என்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. கடைசியில் பார்த்தால், ஆதாரில் என் இனிஷியல், பானில் மாமனார் பெயர். பெண்கள் எல்லோருக்கும் நான் சொல்வது, இனிஷியலை மாற்றாமல் அப்பா பெயரோடே விட்டுவிடுங்கள் என்பதுதான். கணவர் பெயரைச் சேர்க்கச் சொல்லி எந்த வங்கியும் கட்டாயப்படுத்த முடியாது. பான் விண்ணப்பத்திலும் திருமணமான பெண்ணிடம் கேட்பது கணவர் பெயரை இல்லை, பெற்றவர் பெயரைத்தான்.

சரி, எதை எதற்கு ஏற்றபடி மாற்றுவது? ஆதாரைத் தாய்க் காகிதமாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெயரும் பிறந்த தேதியும் அம்மா விரும்புகிறபடி சரியாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். தவறாக இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். ஆனால் யோசித்துத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்ற விடுவார்கள், பிறந்த தேதியை ஒரே ஒரு தடவை. பெயருக்கும் தேதிக்கும் ஆதார் மையத்துக்கு நேரில் போய்விடுவதே நல்லது. தாலுகா அலுவலகங்களிலும் பல தபால் நிலையங்களிலும் மையம் இருக்கிறது. ஒப்புகைச் சீட்டில் ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்த பிறகே எழுந்து வாருங்கள். அங்கே வரிசை நிற்கிறது என்று அவசரப்படுத்துவார்கள். பரவாயில்லை, இரண்டு நிமிஷம் நின்று பாருங்கள்.

ஆதார் சரியான பிறகு பானை அதற்கு ஏற்றபடி திருத்துங்கள். நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆகும், கொஞ்ச நாள் பிடிக்கும். அம்மாவுக்கு இதுவரை பானே எடுக்கவில்லை என்றால் வேலை இன்னும் சுலபம். வருமான வரித் துறையின் இணையதளத்தில் ஆதார் ஓடிபியை வைத்து உடனடி இ-பான், அதாவது மின்கோப்பாக வரும் பான், காசில்லாமல் எடுக்கலாம். ஆதாரில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே வரும் என்பதால் பொருத்தச் சிக்கலே எழாது. ஒன்று மட்டும் கவனியுங்கள், ஆதாரில் முழுப் பிறந்த தேதி இருக்க வேண்டும். பழைய ஆதார் சிலவற்றில் பிறந்த வருஷம் மட்டும்தான் இருக்கும். அப்படி இருந்தால் இந்த வழி திறக்காது. ஏற்கெனவே ஒரு பான் இருக்கும்போது பெயர் சரியில்லை என்று இன்னொன்று எடுத்துவிடாதீர்கள். இரண்டு பான் வைத்திருந்தால் 10,000 ரூபாய் அபராதம். பானும் ஆதாரும் இணைந்திருக்கின்றனவா என்றும் அதே தளத்தில் பார்த்துவிடுங்கள். 2023 ஜூன் 30க்குள் இணைக்காமல் விட்டவர்களின் பான் செயலிழந்துவிட்டது. 1,000 ரூபாய் கட்டணம் கட்டித்தான் உயிர்ப்பிக்க வேண்டியிருக்கிறது.

பி.எஃப். பதிவில் உள்ள பெயரையும் இப்போதே பாருங்கள். அம்மா எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் பீடிக் கடையில் சொன்ன பெயரும் வயதும் அங்கே உட்கார்ந்திருக்கும். கணக்கு திறந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட்டு, பணம் கேட்கும்போது ஆதாரோடு ஒத்துப்போகவில்லை என்று அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முகவரியில் ஒரு விஷயம் கேட்டிருந்தீர்கள். ஆதாரில் மாவட்டம் திருநெல்வேலி என்றும், செயலியில் பின்கோடு போட்டதும் தென்காசி என்றும் வருகிறது, இதனால் நின்றுவிடுமா என்று. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாக ஆனது. ஆலங்குளம், சங்கரன்கோவில், கடையநல்லூர், செங்கோட்டைப் பக்கமெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. அதற்கு முன்னால் எடுத்த ஆதார் எல்லாமே திருநெல்வேலிதான். ஆள் நகரவில்லை, வீடு நகரவில்லை, மாவட்டம்தான் மாறியிருக்கிறது. பொதுவாக இதனால் விண்ணப்பம் நிற்பதில்லை. இப்போதைய முகவரி வேறு என்றால் அதைச் சுய உறுதிமொழியாகக் கொடுக்கவும் விதியில் இடம் இருக்கிறது. ஆனாலும் மனதுக்கு உறுத்தலாக இருந்தால் ஆதார் முகவரியை வீட்டிலிருந்தே ஆன்லைனில் மாற்றிக்கொள்ளலாம்.

பிறந்த தேதி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அம்மா தலைமுறையில் பலருக்கும் ஜனவரி 1 என்றோ, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் வசதிக்குப் போட்ட தேதியோதான் இருக்கும். உண்மையான தேதி எது என்பதைவிட எல்லாக் காகிதத்திலும் ஒரே தேதி என்பதுதான் இங்கே வேலைக்கு ஆகும்.

அடுத்து போன் நம்பர். ஆதாரோடு இணைந்த நம்பர் அம்மாவிடம் இப்போது இருக்கிறதா? ஆதார் எடுத்தபோது வீட்டில் இருந்தது அப்பா நம்பரோ, அக்கா நம்பரோ. அது ரீசார்ஜ் போடாமல் செத்துப்போய், வேறு யாருக்கோ போயிருக்கலாம். அந்த ஆளுக்கு உங்கள் அம்மாவின் ஓடிபி போய்க்கொண்டிருக்கும். முதல் வேலையாக இதை மாற்றுங்கள். ஆதார் மையத்தில் மாற்றலாம். 2021 முதல் அஞ்சலகப் பேமெண்ட்ஸ் வங்கி மூலமாகத் தபால்காரரும் வீட்டுக்கே வந்து மாற்றிக் கொடுக்கிறார். அம்மாவின் கணக்குக்கு அம்மா நம்பரையே கொடுங்கள், உங்கள் நம்பரைக் கொடுக்காதீர்கள். நீங்கள் ஓசூரில் இருப்பீர்கள், பணம் எடுத்த குறுஞ்செய்தி உங்களுக்கு வரும், அம்மாவுக்குத் தெரியாது. அது உங்கள் நல்லெண்ணத்தைப் பற்றிய பேச்சு இல்லை, அவர் பணம் அவர் கண் முன்னால் இருக்க வேண்டும்.

இனி அந்த மூன்றாவது தடவை. நீங்கள் எழுதியதில் ஒரு வரி என் கண்ணில் பட்டது. “அதிகாரி பிறந்த தேதி கேட்டார், அம்மா தடுமாறினார், நான் பக்கத்திலிருந்து சொன்னேன், உடனே அழைப்பு நின்றுவிட்டது” என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் அதுதான் தம்பி. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வீடியோ மூலம் அடையாளம் பார்க்க அனுமதி கொடுத்தது. அதற்கு எழுதிய விதியிலேயே இருக்கிறது, வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து யாராவது எடுத்துக்கொடுப்பது தெரிந்தால் விண்ணப்பத்தை நிராகரிக்க வேண்டும். உங்களைச் சந்தேகப்பட்டு எழுதிய விதி இல்லை இது. வயதானவரை மிரட்டி உட்காரவைத்து, பின்னால் நின்றுகொண்டு கணக்குத் திறக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அதிகாரி செய்தது உங்கள் அம்மாவைக் காப்பாற்றுகிற வேலைதான்.

அதனால் வீடியோவுக்கு முதல் நாள் ராத்திரி அம்மாவோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள். ஆதாரில் உள்ள பெயர், பிறந்த தேதி, ஊர், எதற்காகக் கணக்கு என்பதையெல்லாம் அவர் வாயால் சொல்லட்டும். மனப்பாடம் செய்யவைக்க வேண்டாம். கேள்விகள் ஒரே வரிசையில் வராது. பதிவுசெய்து வைத்ததை ஓட்டிக் காட்டுகிறார்களோ என்று பார்ப்பதற்காக மாற்றி மாற்றித்தான் கேட்பார்கள். தமிழில் பேசுகிற அதிகாரி வேண்டும் என்று முதலிலேயே தேர்ந்தெடுக்க முடிந்தால் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் அழைப்பில் கேளுங்கள். அழைப்பு வந்ததும் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு நீங்கள் முற்றத்துக்குப் போய்விடுங்கள்.

பகல் வெளிச்சத்தில், முகத்துக்கு நேரே ஜன்னல் இருக்கிற மாதிரி உட்காரச் சொல்லுங்கள். முதுகுக்குப் பின்னால் வாசல் இருந்தால் முகம் கருத்துப்போகும். பான் அட்டை அசலாகக் கையில் இருக்க வேண்டும். இ-பானைப் பிரிண்ட் எடுத்து நீட்டினால் ஏற்க மாட்டார்கள். இ-பானாகவே கொடுப்பதென்றால் கோப்பாகத்தான் கொடுக்க வேண்டும். ஆதார் கோப்பைப் பதிவிறக்கித் தருகிற முறை என்றால் அது மூன்று வேலை நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. போன மாசம் எடுத்து வைத்தது உதவாது. போனில் இருப்பிடத்தைத் திறந்து வையுங்கள், விண்ணப்பிப்பவர் இந்தியாவுக்குள் இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். கடையநல்லூர், மேலப்பாளையம், ஏர்வாடி என்று நம் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் போன பிள்ளைகள் துபாயிலிருந்து இந்த வீடியோவை முயன்று பார்த்து, ஏன் வேலை செய்யவில்லை என்று என்னிடம் கேட்பார்கள். அங்கிருந்து நடக்காது. அவர்களுக்குத் தேவை வெளிநாடு வாழ்வோருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கு, அது வேறு வழி.

மலையடிவாரத்தில் சிக்னல் எப்படி என்று உங்களுக்கே தெரியும். அழைப்பு அறுந்துவிட்டால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிவரும். கரண்டு போகிற நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். எல்லாம் நல்லபடி முடிந்தாலும் கணக்கு அந்த நிமிஷமே ஓடாது. வங்கியில் இன்னொருவர் அந்தப் பதிவைத் தணிக்கை செய்து சரி என்று சொன்ன பிறகுதான் கணக்கு இயங்கும். ஒரு நாள் இரண்டு நாள் பொறுங்கள்.

வீடியோ எதற்கு, ஆதார் ஓடிபி மட்டும் வைத்தே கணக்கு திறக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். திறக்கலாம். ஆனால் அந்தக் கணக்கில் எந்த நேரமும் 1 லட்சத்துக்கு மேல் இருப்பு இருக்கக் கூடாது, ஒரு நிதியாண்டில் மொத்தம் 2 லட்சத்துக்கு மேல் வரவு வரக் கூடாது, ஒரு வருஷத்துக்குள் முழு கேஒய்சி முடிக்காவிட்டால் மூடிவிடுவார்கள். அம்மா பல வருஷம் சுற்றிச் சேர்த்த பி.எஃப். பணம் அந்த வரம்பைத் தாண்டினால் அந்த நேரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். அதனால்தான் வீடியோவோ, நேரில் கிளையோ, முழு கேஒய்சியையே முடித்துவிடுங்கள் என்கிறேன்.

கைரேகை பற்றியும் பயந்திருந்தீர்கள். வீடியோவுக்குக் கைரேகை வேண்டாம், ஓடிபிக்கும் வேண்டாம். கிளைக்குப் போனால்தான் அந்தக் கேள்வி வரும். பாவூர்சத்திரம் பக்கத்தில் இருந்தபோது ஓர் அம்மா வந்தார். மடியில் சுளகை வைத்து நாள் முழுக்க இலையைச் சுருட்டி, தூளை அடைத்து, முனையை நகத்தால் மடக்கி மடக்கி, விரல் நுனி வழுவழுவென்று ஆகியிருந்தது. கருவியில் வைத்தால் சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தார், சிவப்பு. தலையில் எண்ணெய் தொட்டு வைத்தார், சிவப்பு. “என் கை எனக்கே இல்லைங்குதா சார் இந்த மிஷினு” என்று கேட்டார். அந்தக் குரல் இன்னும் எனக்குள் இருக்கிறது. ரேகை விழவில்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. பத்து விரலையும் வைத்துப் பார்க்கலாம், முகத்தை வைத்துப் பார்க்கும் வசதி இருந்தால் கேட்கலாம், இல்லையென்றால் ஆதாரின் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தோ வாக்காளர் அட்டை மாதிரி வேறு ஆவணத்தை வைத்தோ முடிக்கலாம். நூறு நாள் வேலை அட்டையும் அடையாளச் சான்றாக ஏற்கப்பட்ட ஆவணம்தான், பலருக்கு இது தெரிவதில்லை.

கண்ணைச் சிமிட்டுங்கள், தலையைத் திருப்புங்கள் என்று செயலி கேட்பதை முடியாதவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. டிஜிட்டல் சேவையை எட்டுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி, கேஒய்சியில் அவர்களுக்கு ஏற்ற மாற்று வழி இருக்க வேண்டும் என்று அதில் உத்தரவே போட்டார்கள். ஆகவே கண் சிமிட்டவில்லை என்று யாரும் கையை விரிக்க முடியாது.

இப்போது அந்த 300 ரூபாய்ப் பையன். வேண்டாம். அவன் நல்லவனாகவே இருக்கலாம். ஆனால் வீடியோவை நடத்துகிறவர் வங்கியின் அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும், அழைப்பு வங்கியின் சொந்த ஏற்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். நடுவில் இன்னொரு ஆளுக்கு வேலையே இல்லை. அவன் கையில் அம்மாவின் ஆதார், பான், ஓடிபி மூன்றும் சேர்ந்தால், நீங்கள் கேட்ட கணக்கைத் தவிர வேறு எதைத் திறந்தான் என்று உங்களுக்குத் தெரியாது.

ஊர்ப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நானே பார்த்ததைச் சொல்கிறேன். கடைக்கார அண்ணாச்சி தங்கமான மனிதர். பிரிண்ட் எடுக்கப் போயிருந்தேன், கணினித் திரை என் பக்கம் திரும்பியிருந்தது. டவுன்லோட்ஸ் பகுதியில் வரிசையாக ஆதார் கோப்புகள். வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பிரிண்ட் எடுத்துவிட்டுப் போனவர்களுடையது, மாசக்கணக்காக அப்படியே கிடக்கிறது. இ-ஆதார் கோப்புக்குக் கடவுச்சொல் உண்டே என்பீர்கள். அது ஆங்கிலப் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருஷமும்தான். தெருவில் யாருக்கும் தெரியும். நான் சொன்னதும் அண்ணாச்சி எல்லாவற்றையும் அழித்தார். மறுநாளிலிருந்து திரும்பச் சேரும், அவரையும் குறை சொல்ல முடியாது. பிரிண்ட் எடுத்த கையோடு, ‘அதை அழிச்சிருங்க அண்ணாச்சி’ என்று கேட்டு, அழிப்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அடையாளத்துக்கு ஜெராக்ஸ் கேட்கிற இடங்களில் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். கடைசி நான்கு எண் மட்டும்தான் தெரியும். கொடுக்கிற ஜெராக்ஸின் குறுக்கே எதற்காக, எந்தத் தேதியில் என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் பழக்கம் அம்மாவுக்கு இல்லை என்றால் ஆதாரில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். இவ்வளவும் செய்தால், உண்மையான வங்கிக்கு ஆதார் கொடுப்பதில் பயப்பட ஒன்றும் இல்லை. பயப்பட வேண்டியது யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில்தான்.

அதற்கு ஒரு சோதனை உண்டு. வங்கிகள் தங்கள் இணையதள முகவரியை ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும்படி 2025 அக்டோபர் இறுதிக்குள் மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. அதைப் பாருங்கள். கடன் செயலி என்றால் அது கேட்கிற அனுமதிகளைப் பாருங்கள். கேஒய்சிக்காகக் கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை ஒரு தடவை கேட்கலாம். போன் புத்தகத்தையும் போட்டோக்களையும் அழைப்புப் பட்டியலையும் தொடக் கூடாது என்று 2022 செப்டம்பரிலேயே விதி வந்துவிட்டது. தொடர்பு எண்களைக் கேட்டால் அது பிறகு உங்கள் சொந்தக்காரர்களை மிரட்டுவதற்குத்தான். உடனே நீக்கிவிடுங்கள்.

கணக்கு திறந்த பிறகு அம்மாவுக்கு ஒரு போன் வரும், இது நிச்சயம். ‘உங்க கேஒய்சி காலாவதி ஆயிருச்சு, இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள அப்டேட் பண்ணலைன்னா கணக்கு பிளாக்’ என்பான். நன்றாகத் தமிழ் பேசுவான், அம்மா என்று கூப்பிடுவான். உண்மை என்ன தெரியுமா? சாதாரண வாடிக்கையாளருக்குக் கேஒய்சியைப் புதுப்பிக்க வேண்டியது 10 வருஷத்துக்கு ஒரு தடவை. கொஞ்சம் கூடுதல் கவனம் தேவைப்படுகிறவர்களுக்கு 8, மிகவும் கவனம் தேவைப்படுகிறவர்களுக்கு 2. அதற்கும் முன்கூட்டியே குறைந்தது மூன்று தடவை தெரிவிக்க வேண்டும், அதில் ஒன்றாவது கடிதமாக இருக்க வேண்டும். விவரத்தில் மாற்றம் எதுவும் இல்லையென்றால் பதிவான நம்பரிலிருந்தோ ஏடிஎம்மிலோ ஓர் உறுதிமொழி கொடுத்தாலே போதும். சாயங்காலத்துக்குள் என்று எந்த வங்கியும் சொல்லாது. அம்மாவிடம் இதை இப்படிச் சொல்லிக் கொடுங்கள்: “கேஒய்சின்னு யாரு போன் பண்ணாலும், என் மகன்கிட்ட கேட்டுச் சொல்றேன்னு வச்சிருங்க.” பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் அந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. பாளையங்கோட்டையில் படிக்கிற பையன்களிடம், உன் பேரில் கணக்கு திறந்து கொடு, மாசம் இத்தனை ஆயிரம் தருகிறேன் என்று கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கேஒய்சி அந்தப் பையனுடையது, ஓடுகிற பணம் எங்கோ ஏமாந்தவருடையது. போலீஸ் முதலில் வந்து கதவைத் தட்டுவது கேஒய்சியில் உள்ள முகவரியைத்தான். சட்டவிரோதப் பணப் பரிமாற்றத்தைத் தடுக்க 2002இல் போட்ட சட்டத்தின் கீழ்தான் இந்த அடையாளச் சரிபார்ப்பே நடக்கிறது. கணக்கை வாடகைக்குக் கொடுத்தவன் அந்த வலைக்குள் தானே காலை வைக்கிறான். தெரிந்த பிள்ளைகளிடம் சொல்லுங்கள், தயவுசெய்து.

எல்லாக் காகிதமும் சரியாகி, வீடியோவும் ஒழுங்காக முடிந்து, அப்போதும் நிராகரித்தால்? காரணம் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். யோசிக்காமல் ஒரு விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது, காரணத்தை அதிகாரி பதிவு செய்ய வேண்டும் என்று 2025இல் ரிசர்வ் வங்கி விதியில் சேர்த்திருக்கிறது. வங்கியிடமே முதலில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவு கிடையாது. 14448 என்ற எண்ணில் எப்படி என்று சொல்வார்கள்.

இந்த லீவில் எல்லாம் முடியாது, அதற்காக அவசரப்படாதீர்கள். நீங்கள் ஓசூர் கிளம்புவதற்கு முன்னால் ஆதார் மையத்து வேலையை மட்டும் முடித்துவிடுங்கள், பெயரும் போன் நம்பரும் ஒரே நடையில் ஆகிவிடும். பானை அங்கிருந்தே ஆன்லைனில் திருத்திக்கொள்ளலாம். புது அட்டை தபாலில் வந்ததும், அடுத்த லீவில் வீடியோவுக்கு அம்மாவை உட்கார வையுங்கள். நாமினி என்று கேட்கிற இடத்தை அப்புறம் பார்க்கலாம் என்று தாண்டிவிடாதீர்கள். அம்மாவிடம் கேட்டு, அவர் சொல்கிற பெயரை, அவரவர் ஆதாரில் இருக்கிற அதே எழுத்தில் போடுங்கள்.